நெய்மர் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

பாளையங்கோட்டை டீக்கடைகளில் 2014 கால்பந்து உலகக்கோப்பை அரையிறுதிப் பேச்சு எழுந்தால், காயத்தால் அதில் ஆடாத நட்சத்திர வீரரை நினைத்து பிரேசில் ரசிகர்கள் 'நெய்மர் மட்டும் இருந்திருந்தா கதையே வேறல்லா' என்பார்கள். ஆனால் ஜெர்மனியிடம் 7-1 என்று விழுந்ததற்கு, தடுப்பாட்டக்காரரான கேப்டன் தியாகோ சில்வா இல்லாததே பெரிய ஓட்டை. அதற்கு முந்தைய கொலம்பியா ஆட்டத்தில் கோல்கீப்பரை மறித்து அவர் வாங்கியது தேவையே இல்லாத மஞ்சள் அட்டை; அதனால்தான் அரையிறுதியில் ஆடத் தடை. 11ஆவது நிமிட கார்னரில் ஜெர்மனியின் முல்லரைக் காவல் காக்க ஆளில்லை. 23 முதல் 29 நிமிடத்துக்குள் நான்கு கோல்! அதில் ஒன்று, பிரேசிலின் பெர்னாண்டினோ சொந்த பெனால்டி பெட்டிக்கு அருகிலேயே பந்தைப் பறிகொடுத்ததால் வந்தது.

என்னைக் கேட்டால் 1950 உலகக்கோப்பையில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றதுதான் இதைவிடக் கொடுமை. டிரா செய்தாலே கோப்பை என்ற ஆட்டம். பக்கவாட்டிலிருந்து கிராஸ் வரும் என்று பிரேசில் கோல்கீப்பர் பார்போசா நகர, பக்கத்துக் கம்பத்தை ஒட்டி 79ஆவது நிமிடத்தில் அடித்துவிட்டார் உருகுவேயின் கிக்கியா.

- வாசகர், பாளையங்கோட்டை