சிப்பி கட்டிய ஃபீஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆஸ்திரேலியாவின் பில்பராவிலிருந்து நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உன் இரும்புச் சுரங்கச் சுவர் முழுக்கச் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். “பவானி ஜமுக்காளம் மாதிரி இருக்கே” என்றாள் அம்மா.

30 வருடம் கல்லங்குறிச்சிப் பக்கம் நான் வெடி வைத்து உடைத்த சுண்ணாம்புக்கல் ஞாபகம் வந்தது. அதில் பாதி சிப்பிதான். சுமார் 7 கோடி வருடத்துக்கு முன், டைனோசர் காலத்தில், அரியலூர்க் கடலடியில் கிடந்தவை. அவற்றைத்தான் அரைத்துச் சுட்டு சிமெண்டாக்கினார்கள். உன் காலேஜ் ஃபீஸ் அந்தச் சிப்பிகள் கட்டியது. டிவி பக்கத்தில் ஒரு சிப்பி கிடக்கிறதே, அதுவும் அங்கே எடுத்ததுதான்.

ஆனால் உன் கல்லுக்கு முன்னால் என் கல் நேற்றுப் பிறந்த குழந்தை. உன்னுடையதற்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அன்றைக்குக் காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம்; இரும்பு கடல்நீரில் கரைந்து கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், நீலப்பச்சைப் பாசி என்போமே, வெயிலில் உணவு சமைத்து ஆக்சிஜனை வெளியே விட்டன. அது இரும்பைப் பிடித்துத் துருவாக்கி அடியில் படியவைத்தது. இப்படி இரும்பு குடித்தது போக மிஞ்சிய ஆக்சிஜன்தான் மெல்லக் காற்றில் சேர்ந்தது. அன்றைய உயிர்கள் பலவற்றுக்கு அது விஷம், நமக்கு மூச்சு. ஆக, நீ லாரி லாரியாக ஏற்றுவது பழைய துரு. கோபித்துக்கொள்ளாதே, இன்ஜினியரம்மா.

நீ ரொம்ப தூரம் போய்விட்டாய் என்று அம்மா தினமும் புலம்புகிறாள். 13 கோடி வருடத்துக்கு முன்னால் வரை இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா மூன்றும் ஒட்டித்தான் இருந்தன என்றேன். “அப்போ பஸ்ஸில் போயிருக்கலாமே” என்கிறாள்! நிலம் பிளந்து பிரிந்ததில்தான் நம் கிழக்குக் கரையே உண்டானது. பிளவோரம் பள்ளமான இடத்தில் பிறகு கடல் ஏறி வந்தது. அந்தக் கடல்தான் நம் அரியலூரில் சிப்பி வளர்த்தது. அப்புறம் 6.6 கோடி வருடத்துக்கு முன் மெக்சிகோ பக்கம் விண்கல் விழுந்தது, டைனோசர் கதை முடிந்தது. அதெல்லாம் நீ பள்ளியில் படித்ததுதான்.

லீவு கிடைத்தால் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் இருக்கும் ஷார்க் பே போய் வா. அங்கே ஹாமலின் பூல் கரையில் அந்த நீலப்பச்சைப் பாசி இன்றும் குட்டிக் குட்டிக் கல்மேடு கட்டிக்கொண்டிருக்கிறது. படத்தை எனக்கு மட்டும் அனுப்பு. அம்மா பார்த்தால், கல்லைப் பார்க்கவா இவ்வளவு செலவு என்பாள்.

அப்பா