அண்ணனுக்கு, டெட்ராய்ட்டிலிருந்து

டெட்ராய்ட்,
18.11.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கு நலம். அப்பா, அம்மா, அண்ணி, பிள்ளைகள், தங்கச்சி எல்லோரும் நலமா? உன் கடிதம் தீபாவளி முடிந்த வாரம் வந்தது. நான் கடிதமே போடுவதில்லை என்று அம்மா வருத்தப்பட்டதை எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. போன் கார்டு தீர்வதற்குள் ஒவ்வொருவராக வாங்கிப் பேசுவதில் எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இன்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உனக்கு மட்டுமான சேதி. ஈவில் டெட் பேய்ப் படத்தில் ஆஷாக வருவாரே, புரூஸ் கேம்ப்பெல், அவரை நேரில் பார்த்தேன் அண்ணா. கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

புதுப்பாளையம் அத்தை வீட்டுக் கூடத்தில் டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? பெரியவர்களுக்காக முதலில் எம்.ஜி.ஆர். படம் போட்டு, அவர்கள் கண்ணயர்ந்ததும் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கேசட்டை எடுத்தாய். காட்டுக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒன்று மரங்களை விலக்கிக்கொண்டு வீட்டை நோக்கிப் பாய்ந்து வருமே, அந்த இடத்தில் தங்கச்சி உன் கையைக் கடித்தே விட்டாள். அப்புறம் விடியும்வரை கொல்லைப்பக்கம் போக மூன்று பேரும் சேர்ந்துதான் போனோம்.

கேம்ப்பெல் இந்த ஊர்ப் பக்கத்துக்காரர். டெட்ராய்ட்டை ஒட்டிய ராயல் ஓக்கில் பிறந்தவர். 'இஃப் சின்ஸ் குட் கில்' (தாடைகளுக்குக் கொல்ல முடிந்தால்) என்று தன் கதையைப் போன வருஷம் புத்தகமாகப் போட்டிருக்கிறார். அதில் கையெழுத்துப் போட இங்கே ஒரு புத்தகக் கடைக்கு வந்தார். வரிசை கடைக்கு வெளியே தெருவரை நின்றது. இரண்டாம் பாகத்தில் வெட்டுப்பட்ட கைக்குப் பதில் ரம்பத்தை மாட்டிக்கொள்வாரே, சிலர் அட்டையில் அதே மாதிரி செய்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பழைய வீடியோ கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். அத்தனை பேருக்கு நடுவில், அந்தப் படத்தைக் கடலூரில் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. என் முறை வந்ததும் உன் பெயரைத்தான் எழுதச் சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். இந்தியாவில் வங்கக் கடலோரம் எங்கள் ஊர், அங்கே அண்ணன் தங்கையோடு பார்த்தேன் என்றேன். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தத் தாடை படத்தில் பார்த்த அதே தாடை!

புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். இப்போது கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அவரும் இயக்குநர் சாம் ரெய்மியும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். சின்ன கேமராவில் படம் எடுத்துப் பழகி, ஒரு குட்டிப் படத்தைப் போட்டுக் காட்டிப் பலரிடம் பணம் திரட்டியிருக்கிறார்கள். 1979 கடைசியில் டென்னஸி மாநிலத்தில் மோரிஸ்டவுன் பக்கம் ஒரு பாழடைந்த மரவீட்டில் படப்பிடிப்பு. குளிர் தாங்காமல் அங்கிருந்த சாமான்களையே எரித்திருக்கிறார்கள். ரத்தம் சோளப் பாகு. நம்மைப் பயமுறுத்திய அந்தப் பாய்ச்சல் என்ன தெரியுமா? ஒரு பலகையில் கேமராவைப் பொருத்தி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடியது! 1981 அக்டோபர் 15 அன்று இதே டெட்ராய்ட்டில் ரெட்ஃபோர்ட் தியேட்டரில்தான் முதன்முதலாகத் திரையிட்டார்கள். ஸ்பைடர்மேன் படத்தில் மல்யுத்த மேடையில் நின்று அந்தப் பெயரையே சூட்டுவாரே, அவரும் கேம்ப்பெல்தான். பிள்ளைகளிடம் சொல், அவர்களுக்குப் பிடிக்கும்.

என்னைக் கடைக்குக் கூட்டிப்போனது கீழ் வீட்டுப் பாட்டி. காரை விற்றுவிட்டேன், குளிர்காலத்தில் அதற்குப் பராமரிப்பு அதிகம். பாட்டி போலந்துக்காரர், தனியாக இருக்கிறார். பனி கொட்டினால் விடிவதற்கு முன்பே எழுந்து எல்லார் வாசலையும் தள்ளிச் சுத்தம் செய்வார், யாரும் உதவிக்குப் போனால் கோபம் வரும். உருளைக்கிழங்கு வைத்து நம் கொழுக்கட்டை போலவே ஒன்று செய்து, தட்டோடு என் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவிடம் சொல், நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன், ஹீட்டரைக் குறைத்து வைத்துப் பழகிவிட்டேன், அதுதான் உடம்புக்கும் நல்லதாம்.

அம்மா கொடுத்தனுப்பிய தாளிப்பு வடகம் போன வாரத்தோடு தீர்ந்தது. கடைசி உருண்டையை எண்ணெயில் உதிர்த்தபோது வீடு முழுக்க நம் அடுப்படி வாசனை. குழம்பை இறக்கிவிட்டுச் சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அண்ணா. அங்கே இப்போது அடைமழையாக இருக்கும். கெடிலத்தில் தண்ணீர் வந்ததா? தேவனாம்பட்டினத்தில் அலை ரோடு வரை ஏறுகிறதா? எனக்கு ஒரே ஒரு நாள் போதும், உன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கடற்கரைக்குப் போய்விட்டு வந்தால் போதும்.

சரி, தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். பண்ருட்டி முந்திரித் தோப்பை விற்றுத் தங்கச்சி கல்யாணத்தையும் முடித்து, என்னை அனுப்ப வாங்கிய கடனையும் அடைத்துவிடலாம் என்று மாமா சொல்வதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் அண்ணா. அந்தப் புத்தகத்தில் என்னை உலுக்கிய இடம் ஒன்று உண்டு. படத்தை முடிக்கப் பணம் இல்லாதபோது, வடக்கு மிச்சிகனில் இருந்த தங்கள் குடும்பச் சொத்தை ஈடு வைத்துத்தான் முடித்திருக்கிறார் கேம்ப்பெல். படிக்கும்போது, பத்திரத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பண்ருட்டி பஸ்ஸில் ஏறிய அப்பாதான் கண்ணில் நின்றார். அப்பா என்னை நம்பி அடமானம் வைத்த தோப்பு அது. மீட்க வேண்டியவன் நான்.

இந்த மாதப் பணம் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்க இடைவெளி, இங்கே எல்லோருக்கும் உள்ளதுதான். அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம். தை பிறந்ததும் வட்டியைச் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை மாமா யாரிடமும் அட்வான்ஸ் வாங்காமல் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளை வீட்டார் திருவந்திபுரத்தில் கல்யாணம் வைக்கச் சொன்னால் ஒத்துக்கொள், மண்டபச் செலவு குறையும். நகை எவ்வளவு கேட்கிறார்கள் என்று தெளிவாக எழுது. தங்கச்சிக்கு இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று அண்ணியை விட்டுத் தனியாகக் கேட்கச் சொல், அது முக்கியம். பாண்டிச்சேரி சித்தப்பா கண் ஆபரேஷன் செய்துகொண்டாரா?

உன் பெயர் எழுதிய புத்தகத்தை, பொங்கலுக்கு ஊருக்கு வரும் நெய்வேலி நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது வடகமும், அடமானப் பத்திரத்தின் நகல் ஒன்றும் கொடுத்துவிடு. வட்டிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அதோடு வை.

உன் அன்புத் தம்பி