ஆர்வம் குறைந்த ஒரு பயனாளியின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடிசைக்குப் பதில் வீடு கட்ட அரசு பணம் தரும் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் பல வீடுகள் பாதியில் நிற்பதற்குப் பயனாளிகளின் ஆர்வக் குறைவே காரணம் என்று ஓர் அதிகாரி சொன்னதைத் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருந்தீர்கள். தங்கள் நிருபர் அவரிடம் மறுகேள்வி ஏதும் கேட்டதாகச் செய்தியில் தெரியவில்லை. ஆர்வம் குறைந்த அந்தப் பயனாளிகளில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுத நேர்ந்தது.

மூன்றரை லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் கட்டம் கட்டமாக வரும் என்பதும் தெரிந்திருக்கும். கையில் பணம் இல்லாததால்தானே குடிசையில் இருக்கிறோம்? அந்தக் குடிசையைப் பிரித்துப் போட்டு, பேஸ்மட்டம் வரை கடன் வாங்கி எழுப்பி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே அந்தக் கட்டத்துப் பணத்துக்கான பில்லுக்குக் காத்திருக்கத் தொடங்கலாம். எங்கள் பகுதி களிமண் பூமி. அஸ்திவாரத்தை முழங்கால் ஆழத்தோடு நிறுத்தினால் கோடையில் மண் வெடிக்கும்போது சுவரும் வெடிக்கும் என்று கொத்தனார் எச்சரித்ததால் இடுப்பளவு தோண்டினோம். அரசின் செலவு மதிப்பீடோ மேட்டு நிலத்துக்கும் களிமண்ணுக்கும் ஒன்றுதான். மண்ணுக்குள் போன பணம் படத்தில் எப்படித் தெரியும்?

சிமெண்டையும் கம்பியையும் அரசே கொடுத்து, அதற்கான விலையைப் பில்லில் பிடித்துக்கொள்கிறது. எனக்குச் சிமெண்ட் வந்தது, கம்பி வரவில்லை. ஐப்பசி மழையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தும், அடி வரிசை மூட்டைகள் கட்டிதட்டி, கடப்பாரையால் உடைக்க வேண்டியதாயிற்று. அந்த மூட்டைகளுக்கும் சேர்த்துத்தான் பிடித்தம். 2025 ஏப்ரலில் கல் உடைக்கும் கிரஷர் உரிமையாளர்களின் வேலைநிறுத்தத்தை ஒட்டி ஜல்லியும் எம்-சாண்ட் எனும் செயற்கை மணலும் விலை ஏறியதைத் தாங்களே எழுதினீர்கள். வீட்டுத் தொகை மூன்றரை லட்சத்திலேயே நிற்கிறது. எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவள் என்ற முறையில் சொல்கிறேன்: கறவை மாட்டுக்கென்று வாங்கிய கடன்களில் எத்தனையோ இப்போது செங்கல்லாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆர்வம் குறைந்தவர்கள் செய்யும் காரியமா இது?

இந்த ஆர்வம் எங்களுக்குப் புதிதும் அன்று. 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கக் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தபோது கணக்கெடுப்பில் என் தாயார் பெயரும் இருந்தது. மறுஆண்டு ஆட்சி மாறியதும் அது பசுமை வீடு திட்டம் ஆயிற்று; புதிய பட்டியலில் அவர் பெயரைக் காணவில்லை. 2018-இல் கஜா புயல் கூரையைத் தூக்கிச் சென்றபோது வந்து எழுதிக்கொண்டு போனவர்கள் யாரென்று இன்றுவரை தெரியாது. என் தாயார் கீற்றுக் கூரையின் கீழேயே காலமானார். இப்போது 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்கிறார்கள். நல்லது, வரவேற்கிறேன்.

முறையிடலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தலைவரும் வார்டு உறுப்பினரும் இருந்தவரை வாசலில் போய் நின்றாவது கேட்போம். இன்று ஊராட்சியின் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். பில்லும் அவருடைய அலுவலகத்திலேயே கிடக்கிறது. அவரைப் பற்றிய மனுவை அவரிடமே கொடுக்கும் இந்த வசதியை ஏற்படுத்தியவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அளவெடுக்க வருபவர் வாரத்தில் எந்தக் கிழமை எங்கள் ஊருக்கு வருவார் என்பதையும், யாருடைய பில் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்பதையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆர்வத்தைப் பற்றிச் செய்தி வெளியிடுவதற்கு முன் தங்கள் நிருபரை இந்தப் பக்கம் ஒருமுறை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயனாளி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். எனக்குக் கூரை மட்டத்துப் பில் இன்னும் வரவில்லை.)