சைலன்சரைக் குடைந்தவன் எழுதுவது

சங்ககிரி,
வெள்ளிக்கிழமை ராத்திரி

மாப்ளே,

ஏழு மாதம் ஆகிவிட்டது. ஒரு லாரியின் சைலன்சரை நான் குடைந்ததற்காக நீ போனில் கத்திவிட்டு வைத்தாய், நானும் ரோஷத்தில் இருந்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது. கட்டையனுக்கு ரெண்டாவதும் பெண். இன்னும் அதே ஓட்டை மொபெட், பின்னால் அதே புகை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டிரைவர் கூப்பிட்டான். சிமெண்ட் லோடு, பன்னிரண்டு சக்கர வண்டி, தொப்பூர் ஏற்றத்தில் நின்றுவிட்டது. "ஃபுல்லா மிதிச்சாலும் இருபதுக்கு மேல போகலைங்ணா" என்றான். விசாரித்தால், சைலன்சருக்குள் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கிறதே, அந்த டிபிஎஃப்பின் லைட் நாலு நாளாக எரிகிறது. கரியை எரித்துக்கொள்கிறேன் என்று வண்டி கேட்கும்போதெல்லாம் லோடுக்கு நேரமாச்சு என்று கேன்சல் செய்திருக்கிறான். சைலன்சர் சூடேறி வாடை வந்ததும் பயம் வேறு.

மறுநாள் பட்டறைக்கு ஓனர் வந்தார். "எல்லாத்தையும் குடைஞ்சு வெளிய போட்டுட்டு என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமையும் மாத்திருங்க தம்பி. போன வருஷம் இன்னொரு லாரிக்கு நீங்கதான் பண்ணீங்களாமே" என்றார். என் மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும். "நான் இங்கே புகையை மில்லிகிராம் கணக்கில் குறைக்கப் பாடுபடுகிறேன், நீ சுத்தியலால் உடைக்கிறாய்" என்றாயே, அது அந்த வண்டிக்குத்தான்.

மறைக்காமல் சொல்கிறேன், அந்த வண்டிக்கு மைலேஜ் ஏறத்தான் செய்தது. லிட்டருக்குக் கால் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரு டிரிப்புக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அது காசு. புனேயில் ஏசி அறையில் உட்கார்ந்து என்ஜினை டெஸ்டுக்கு ஓட்டுகிற உனக்கு இது புரியாது!

இந்த முறை குடையவில்லை. கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி ஓட்டைகள். ஒன்று இந்தப் பக்கம் அடைப்பு, அடுத்தது அந்தப் பக்கம் அடைப்பு. புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியேற முடியும். உள்ளே வருகிற பக்கம் அடுப்புக்கரி. வெளியே போகிற பக்கத்தைப் பனியன் வேஸ்டால் துடைத்தேன். மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி மாப்ளே, துணி வெள்ளையாகவே வந்தது. சாயங்காலம் லாரி ஸ்டாண்டுக்குப் போய், நான் குடைந்த வண்டியின் குழாயில் விரலை விட்டேன். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

கொதிக்க எரித்தால் நாக்ஸ் என்கிற நைட்ரஜன் ஆக்சைடு நச்சுப் புகை, ஆறவைத்து எரித்தால் கரி என்று கேம்ஷாஃப்ட் வாத்தியார் கத்துவாரே, நாம் பின் பெஞ்சில் தூங்குவோமே, அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஈஜிஆர் வால்வு கொஞ்சம் புகையை என்ஜினுக்குள்ளேயே திருப்பிவிட்டுச் சூட்டைத் தணிக்கும். நாக்ஸ் குறையும், கரி ஏறும், மைலேஜும் கொஞ்சம் இறங்கும். புகையில் யூரியாத் தண்ணீரைப் பீய்ச்சி நாக்ஸை முறிக்கிற ஏற்பாடு வந்ததால்தான் என்ஜினை நல்ல சூட்டில் எரியவிட்டு, நாக்ஸைப் பின்னால் பார்த்துக்கொள்ள முடிகிறது. மைலேஜைத் தின்கிற பேய் என்று நான் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பழைய புகை விதியான பிஎஸ் 4-இல், என்ஜின் செய்கிற ஒவ்வொரு கிலோவாட்-மணி வேலைக்கும் 3.5 கிராம் நாக்ஸ் விடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததில் இருந்து 0.46 தான். சூடாக எரிய என்றே டியூன் பண்ணின என்ஜினில் யூரியாவையும் நிறுத்திவிட்டு டிபிஎஃப்பையும் குடைந்தால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்து வைத்திருக்கிறேன்.

இந்த வண்டிக்கு ஸ்கேனர் போட்டு, நிறுத்தி வைத்தே எரியவிட்டேன். முக்கால் மணி நேரம், 600 டிகிரி பக்கம் போனது. கரி எரிந்துவிட்டது, சாம்பல் எரியவில்லை. டிரைவரை உலுக்கியபோதுதான் கக்கினான், வழியில் மலிவு ஆயில் ஊற்றியிருக்கிறான். ஆயிலில் இருக்கிற கால்சியமும் துத்தநாகமும் சாம்பலாகி உள்ளேயே தங்கிவிடும், எத்தனை முறை எரித்தாலும் போகாது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு சட்டி சிமெண்ட் கொட்டியது. நாலு டயரில் காற்று கம்மி. "குடைந்தால் கிடைக்கிற மைலேஜ் இங்கேயே இருக்குதுங்க" என்று ஓனரிடம் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பில்லில் ஐநூறு குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை வேறு பட்டறைக்குத்தான் போவார். போகட்டும்.

இப்போது அந்தப் பழைய வண்டிதான் என் தலையில் உட்கார்ந்திருக்கிறது. புதுசாக டிபிஎஃப் மாட்டலாம் என்று அதன் ஓனரைக் கூப்பிட்டேன். "நல்லாத்தானே ஓடுது" என்று சிரிக்கிறான். புதுசு லட்சத்துக்கு மேல். டெஸ்டுக்குப் போட்டுக் கழற்றின டிபிஎஃப் எங்காவது முறையாகக் கிடைக்குமா? டிபிஎஃப்பைச் சூளையில் வைத்து, காற்றடித்துச் சாம்பலை வெளியேற்றிக் கொடுக்கிற இடம் நம் பக்கம் இருந்தால் அதையும் எழுது. பாதிக் காசு நான் போடுகிறேன். சம்சாரத்திடம் மட்டும் வாயைத் திறக்காதே.

போனிலேயே கேட்டிருப்பேன். நீ மறுபடி கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன்
சுத்தியல்