அப்புத்தளை போகாத பயணத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டல்

உப்புவெளி,
திருகோணமலை.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் சென்ற ஐந்து நாள் மலை, கடற்கரைப் பயணம்

ஐயா / அம்மணி,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி வந்தது. அதனால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வைத்து யாராவது வாங்கத்தானே வேண்டும்.

உங்கள் ஐந்து நாள் திட்டத்தில் என்னென்ன அடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். வான், டிரைவர், அறைகள், வழி எல்லாம் உங்கள் பொறுப்பு. ரூபா 185,000 முழுவதையும் புறப்படும் முன்பே கட்டிவிட்டேன். ஒரு ஆசிரியையின் வீட்டில் அது எத்தனை மாதச் சேமிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்புக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. உங்கள் திருகோணமலைக் கிளைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் "பணம் திருப்பிக் கொடுக்கிற விஷயம் ஹெட் ஒபிஸில்தான் கதைக்க வேணும்" என்றார்கள். சரி என்று இரண்டு நாள் லீவு போட்டு இரவு ரயில் ஏறினேன். விடியக் கோட்டையில் இறங்கி, ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, உங்கள் கதவு திறக்கும் வரை படியில் நின்றேன். பத்தரை மணிக்கு ஒரு பிள்ளை வந்து என் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "இந்தப் படிவத்தை நீங்க பதிஞ்ச கிளையிலதான் குடுக்கணும், மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கிளை என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது! உங்கள் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையில் ஒரு போன் கூடவா இல்லை?

இனி பயணத்துக்கு வருகிறேன்.

என் அம்மா பிறந்தது அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில். கலியாணம் கட்டித் திருகோணமலைக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட அங்கே திரும்பிப் போகவில்லை. முதலில் யுத்தம், பிறகு அப்பாவின் வருத்தம், பிறகு எங்கள் படிப்பு என்று காலம் போய்விட்டது. இப்போது அவருக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு. இந்த வருடம் எப்படியாவது கூட்டிப் போக வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். காலத்தையும் யோசித்துத்தான் கேட்டேன். ஓகஸ்டில் ஊவாப் பக்கம் மழை குறைவு, எங்கள் கிழக்குக் கடலும் அமைதியாக இருக்கும். கண்டியிலிருந்து பதினெட்டு வளைவு மலைப் பாதையில் இறங்கி மகியங்கனை, பதுளை, அப்புத்தளை. அங்கே இரண்டு இரவு. பிறகு எல்ல, வெல்லவாய வழியாக இறங்கிப் பொத்துவில், மட்டக்களப்பு, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கடலோரமாகவே வீடு திரும்ப வேண்டும். இதுதான் நான் கேட்டது.

முதல் இரவு கண்டியில் தங்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டிக்குப் போய்ச் சேரவே எங்களுக்கு ஐந்து மணித்தியாலம் ஆகும். அதற்கு மேல் ஒரே நாளில் மலை இறங்கி, மறுபடி 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் அப்புத்தளைக்கு ஏறுவது வயதானவருக்கு ஆகுமா? உங்கள் ஆள் வரைபடத்தைக் கணினியில் காட்டி "ஏழு மணித்தியாலத்தில் போய்விடலாம்" என்றார். மலைப் பாதையில் வாகனம் போகும் வேகம் மலைப் பாதையில் பயணம் விற்கும் உங்களுக்குத் தெரியாதா?

நாங்கள் பதினெட்டு வளைவின் உச்சிக்கு வரும்போது பின்னேரம் நாலரை. கீழே மகாவலிச் சமவெளி முழுவதும் வெயிலில் கிடந்தது. அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வளைவு இறங்கியிருப்போம். ஏதோ கருகுகிற நாற்றம். முன் சில்லிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. டிரைவர் தம்பி பிரேக்கை மிதிக்க மிதிக்க அது கீழே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி, எப்படியோ நிறுத்தினார். என் மகன் இறங்கி ஓடி இரண்டு கல் எடுத்துச் சில்லுக்கு அடை வைத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, கை நடுங்க நடுங்க வைத்தான். அம்மா மதகுக் கட்டில் உட்கார்ந்து "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிப்பட்ட இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கிற மாதிரி இறங்க வேண்டும், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காது. அவருக்கு அது தெரியவில்லை. கொழும்புக்குள் ஓடுகிறவராம், அந்தப் பாதைக்கு வந்தது அதுதான் முதல் தடவையாம். அவரை அனுப்பியது நீங்கள். ஹசலக்கவிலிருந்து வந்த மெக்கானிக் சில்லைக் கழற்றிக் காட்டினார். பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது. அந்தப் படத்தை இணைத்திருக்கிறேன். இந்த வானில்தான் மூன்று தலைமுறையை ஏற்றி அனுப்பினீர்கள். எங்கள் குடும்பமே அன்றைக்கு அழிந்திருக்கும்.

அப்போதுதான் உங்கள் அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்தவர் யார் என்று உங்கள் பதிவில் இருக்கும். முதல் தடவை "தமிழில் கதைக்க ஆள் இல்லை, நாளைக்கு எடுங்க" என்று வைத்துவிட்டார். தமிழில்தான் சொன்னார்! இரண்டாவது தடவை எடுத்து, அம்மா ரோட்டில் இருக்கிறார், இருட்டப் போகிறது, வேறு வாகனம் அனுப்புங்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வயசானவங்களை மலைக்குக் கூட்டிட்டுப் போனது உங்கட பிழை, மிஸ். அதுக்குக் கம்பனி என்ன செய்யிறது?"

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் ஒருவரும் இப்படிக் கதைத்ததில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மாவுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

இரண்டு முச்சக்கர வண்டி பிடித்து மகியங்கனைக்குப் போய், எங்கள் காசில் அறை எடுத்தோம். அடுத்த வான் மறுநாள் மூன்று மணிக்கு வந்தது. வந்த டிரைவருக்கு "நேராகப் பொத்துவிலுக்குக் கொண்டு போ, அங்கே அறைக்குக் காசு கட்டியாச்சு" என்று கட்டளை. அப்புத்தளை அறைக்கும் நாங்கள் காசு கட்டித்தானே இருந்தோம்? அவர் என்ன செய்வார். பிபிலை, மொனராகலை தாண்டி, லகுகல காட்டுப் பாதையை, யானை குறுக்கே வரும் பாதையை, நல்ல இருட்டில் கடந்தோம். எல்லவும் இல்லை, அப்புத்தளையும் இல்லை.

அப்புத்தளையில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை கோழி அடித்துச் சமைத்து வைத்துக் காத்திருந்தார். அவருக்கென்று அம்மா சந்தையில் தானே பொறுக்கி வாங்கிய இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு, பேப்பரில் சுற்றி நூல் கட்டியபடி, அப்படியே எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இன்னும் அவிழ்க்கவில்லை. கோடி ரூபா கொடுத்தாலும் இந்த நட்டத்தை நீங்கள் ஈடுசெய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கடலோரப் பாதையாவது மிஞ்சும் என்று நினைத்தேன். வாகரை வழியாகப் போகும்போது வெருகல் முருகனைக் கும்பிட்டால் அம்மாவின் மனம் ஆறும் என்றிருந்தேன். மட்டக்களப்பிலிருந்து டிரைவர் உள்பாதையில், பொலன்னறுவைப் பக்கமாகத் திருப்பினார். கேட்டதற்குத் திட்டத் தாளைக் காட்டினார். "கிண்ணியாவில் படகுக்குக் காத்திருக்க வேண்டும், அதனால் ஹபரணை வழி" என்று உங்கள் கடிதத்தலைப்பில் அச்சடித்திருக்கிறது. கிண்ணியாவில் பாலம் திறந்தது 2009 ஒக்டோபரில். 396 மீற்றர், திறந்தபோது நாட்டிலேயே நீளமான பாலம். என் மகள் பிறக்கும் முன்பே அந்தப் படகு நின்றுவிட்டது. கிழக்குக் கடற்கரைப் பயணம் என்று காசு வாங்குகிறவர்கள் அந்தப் பாதையில் ஒருமுறையாவது வந்து பார்த்திருக்க வேண்டாமா? நான் சொன்னேன், டிரைவர் உங்களுக்கு போன் எடுத்தார், "தாளில் உள்ளபடி போ" என்றீர்கள்.

கடைசியாக உங்கள் கிளை தந்த பதிலில் "மோசமான காலநிலை காரணமாகப் பயணம் மாற்றப்பட்டது" என்று இருக்கிறது. ஐந்து நாளும் ஒரு துளி மழை விழவில்லை. இப்படி எழுத எப்படி மனம் வந்தது? அடுத்த பயணத்துக்குப் பத்து வீதம் கழிவு என்று ஒரு சீட்டும் வைத்திருந்தீர்கள். அது எனக்கு வேண்டாம், இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது வானில் வந்த ஐயா அம்மாவுக்குக் கைகொடுத்து ஏற்றி இறக்கினார், அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். தயவுசெய்து இந்தக் கடிதத்தைப் பொறுப்பான ஒருவர் முழுவதும் வாசியுங்கள்.

நான் கேட்பது: கட்டிய தொகையில் பாதி, ரூபா 92,500. மகியங்கனை அறைக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் எங்கள் கையால் போன ரூபா 19,500. அவசர இலக்கத்தில் அப்படிப் பேசியவர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டாம், அம்மாவிடம் கேட்டால் போதும்.

கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பற்றுச்சீட்டு, திட்டத் தாள், பிரேக் பேட்டின் படம் எல்லாவற்றோடும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவேன். 1977 இலக்கத்துக்கு ஏற்கனவே அழைத்து எப்படி முறையிடுவது என்று கேட்டு வைத்திருக்கிறேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் ஒரு பிரதி போகும். அப்படிப் போக எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் போவேன்.

கிளைக்கு வரச் சொல்லி அழைக்க வேண்டாம். இனி நான் வரமாட்டேன். அம்மாவை மார்கழி விடுமுறையில் பஸ்ஸிலாவது அப்புத்தளைக்குக் கூட்டிப் போகப் போகிறேன். அதற்கு முன் பணம் வந்து சேர்ந்தால் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஒப்பம்)
உங்கள் வாடிக்கையாளர்