வர ரயில், போக விமானம்

மயூர் விஹார்,
தில்லி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதிக்கு நொய்டாவில் வேலை என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நொய்டா எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் நேராகப் போய்விடும் தூரம்தான். பிள்ளை தனியாகக் கிடக்கிறாளே என்று நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடட்டும், நாலு இட்லி கூட ஊற்றுவதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே எல்லாரும் சுகம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து வாரம் தவறாமல் ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போகிறார். மற்ற நாளெல்லாம் வீட்டுக் குழாய்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார். காற்றுதான் சுகமில்லை. தீபாவளிக்குச் சாத்திய ஜன்னலை இன்னும் திறந்தபாடில்லை. அங்கே மழை கொட்டுகிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பொறாமைப்பட்டேன்.

சரி, நீங்கள் மூன்று பேரும் திருநெல்வேலியிலிருந்து தில்லிக்கு எதில் வருவது என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அண்ணாச்சி காரை எடுப்போம் என்கிறார், மதி விமான டிக்கெட் போடுகிறேன் என்கிறாள், நீ ரயில் என்கிறாய், உன் அத்தை மட்டும் எதில் வேண்டுமானாலும் வருகிறேன், கால் நீட்ட இடம் இருக்குமா என்று கேட்கிறார். ஏட்டி, உங்கள் வீட்டில் சரியான கேள்வி கேட்டது அந்த எழுபத்தெட்டு வயது மனுஷி ஒருத்திதான்.

காரை முதலில் முடித்துவிடுகிறேன். அண்ணாச்சி சொல்வதில் ஒன்று உண்மை, வழி தவறவே தவறாது. உங்கள் ஊரைத் தொட்டுப் போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை, நாம் ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்லி வளர்ந்தோமே அதேதான், மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று நேரே தில்லிக்கு வந்து, அதற்கப்புறமும் ஸ்ரீநகர் வரை போகிறது. டோல்கேட் செலவுக்கும் வழி உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்திருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைகளில் 200 தடவை கடக்கலாம். இதையெல்லாம் அண்ணாச்சி ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பார். ஆனால் தூரம் சுமார் 2,800 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு அறுநூறு ஓட்டினால்கூட ஐந்து நாள், நாலு ராத்திரி லாட்ஜ். நாமக்கல் லாரிக்காரர்கள் இரண்டு டிரைவர் போட்டு ஓட்டுகிற தூரம் இது. அண்ணாச்சிக்கு மாற்று டிரைவர் யார், நீயா? கயத்தாறு தாண்டி நீ ஸ்டியரிங் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதோடு உங்கள் வண்டி 2018 டீசல் என்று எழுதியிருக்கிறாய். அது பி.எஸ்.-4 என்கிற பழைய புகை அளவுக் கணக்கில் வரும். குளிர்காலத்தில் இங்கே காற்று ஒரு அளவுக்கு மேல் கெட்டுப்போனால் பி.எஸ்.-4 டீசல் கார்களை ஓட்டக்கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். தில்லிக்கு மட்டும் இல்லை, நொய்டாவுக்கும் அதுதான். ஐந்து நாள் ஓட்டி வந்து கடைசியில் வண்டியை எங்கள் வீட்டு வாசலில் போர்வை போர்த்தி நிறுத்தவா? அண்ணாச்சியிடம் நான் சொன்னதாகவே சொல், கோபித்துக்கொள்ளட்டும்.

விமானத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. சென்னையிலிருந்து இங்கே மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். உங்களுக்குத் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் பக்கம். அங்கே 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்துவிட்டார்கள். ஆனால் சென்னையில் இறங்கி இன்னொன்று மாற வேண்டும். இல்லையென்றால் திருவனந்தபுரம் வரை காரில் போய்விட்டால் அங்கிருந்து நேர் விமானம் உண்டு, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். வாசலிலிருந்து வாசல் வரை கூட்டினால் ஒரு பகல் போய்விடும், இருந்தாலும் ஒரே பகல். டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் வேண்டும் என்று கேட்டுவிட்டால், ஆள் வந்து அத்தையைத் தள்ளிக்கொண்டு போய் விமான வாசலில் விட்டுவிடுவார். நடக்க வேண்டிய தூரத்தைப் பார்த்தால் அது பெரிய உபகாரம்.

உதைப்பது சாமானில். ஒருவருக்குப் பெட்டியில் 15 கிலோ, கையில் 7 கிலோ. மதிக்குக் கொண்டுவரப் போவதாக நீ எழுதியிருக்கிற பட்டியலை நான் இரண்டு தடவை படித்தேன். இட்லி அரிசி, உளுந்து, உடன்குடிக் கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய், வத்தல், இடிசாம்பார்ப் பொடி, குக்கர், அத்தையின் சுக்கு மல்லி டப்பா. கொப்பரை வேறு. கொப்பரையை விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள் தெரியுமா? அதில் இருக்கிற எண்ணெய்க்கு எளிதில் தீப்பிடிக்கும் என்று தடை. ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடவும் கூடும். என் நாத்தனார் இப்படித்தான் ஒரு தடவை எடை கூடிப்போய், கவுண்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள். சேலைக்குள் சுற்றி வைத்திருந்த பொடி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவின் கோட்டுப் பைகளில் திணித்தாள். அப்படியும் எடை இறங்கவில்லை. முறுக்குத் தூக்கைத் திறந்து, பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு விநியோகம் செய்துவிட்டாள். ஒரு சர்தார்ஜி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

இதிலிருந்துதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. வரும்போது நீங்கள் மூட்டையோடு வருகிறீர்கள், போகும்போது வெறுங்கையோடு போகிறீர்கள். பிறகு ஏன் இரண்டுக்கும் ஒரே வண்டி? வரும்போது ரயிலில் வாருங்கள், போகும்போது விமானத்தில் போங்கள்.

ரயில் என்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸ்தான். கன்னியாகுமரியிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் வரை, வாரத்துக்கு இரண்டு நாள். உங்கள் ஜங்ஷனில் ஏறினால் இரண்டு ராத்திரி, இரண்டு பகல் கழித்து நிஜாமுதீனில் இறங்கலாம். சென்னைக்குப் போய்த் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் 33 மணி நேரம், ராஜதானியோ துரந்தோவோ என்றால் 28 மணி நேரம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. உங்கள் ஊர் ரயில் எழும்பூரில் இறக்கிவிடும். அத்தையையும் அந்த நல்லெண்ணெய் டின்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், அங்கே நாள் பொழுதும் காத்திருந்து மறுபடி ஏற வேண்டும். வயதானவர்களோடு போகும்போது ஓடுகிற நேரம் அவ்வளவு உறுத்தாது, ஏறி இறங்குவதுதான் ஆளைச் சாய்த்துவிடும். ராஜதானி, துரந்தோவில் சீட்டு நிறைய நிறையக் கட்டணம் வேறு ஏறிக்கொண்டே போகும். 2016லிருந்து அந்த ஏற்பாடு.

ஏ.சி. இரண்டடுக்கு எடு. மூன்றடுக்கில் நடு பெர்த்தைப் போட்டுவிட்டால் கீழே படுத்திருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது, அத்தைக்கு ராத்திரி நாலு தடவை எழுந்து உட்கார வேண்டியிருக்கும். இரண்டடுக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவருக்கு 50 கிலோ வரை கொண்டுவரலாம், குக்கர் தாராளமாக வரும். இன்னொன்றை மறக்காமல் செய். மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடாதே. அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் தனியாகவோ இரண்டு பேராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அது கிடைக்கும். உனக்கும் அத்தைக்கும் ஒரு டிக்கெட், அண்ணாச்சிக்குத் தனி டிக்கெட். அவர் மேலே ஏறிப் படுத்துக்கொள்ளட்டும், காரில்தான் வருவேன் என்றவருக்கு அது போதும். மூத்த குடிமக்கள் சலுகைக் கட்டணத்தை 2020 மார்ச்சில் நிறுத்தியதோடு சரி, அதை நம்பி இராதே.

முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் 2024 நவம்பரோடு போயிற்று. காலை எட்டு மணிக்குத் திறக்கும். கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வை. மதியை விட்டுச் செய்யச் சொல், அந்த விரல்களுக்குத்தான் அந்த வேகம் வரும்.

சாப்பாட்டுக்கு நான் சொல்லித்தர வேண்டாம். முதல் நாள் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மறுநாள் புளிச்சோறு. தயிர் சாதத்துக்கு மட்டும் பாலில் பிசைந்து கொஞ்சம் மோரை விட்டுக்கொண்டு வா, புளிக்காது. ரயில் நேரப்படி ஓடினால் விஜயவாடாவில் கிருஷ்ணாவைப் பகலிலேயே பார்க்கலாம். மறுநாள் குவாலியர் கோட்டை ஜன்னலிலிருந்தே தெரியும். அதைத் தாண்டி மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவில் சம்பல் ஆறு. இரண்டு பக்கமும் மண்ணை யாரோ பிறாண்டி வைத்த மாதிரி பள்ளம் பள்ளமாகக் கிடக்கும். கொள்ளைக்காரர்கள் ஒளிந்திருந்த இடம் என்று அத்தைக்குச் சொல், தூக்கம் கலைந்து பார்ப்பார். நிஜாமுதீனில் இறங்கினால் எங்கள் வீட்டுக்கு மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன். ஆனால் மூட்டையோடு மெட்ரோ வேண்டாம், இவர் காரோடு வந்து நிற்பார்.

டிசம்பர் கடைசியில் வருகிறோம் என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்று. அந்தச் சமயம் இங்கே மூடுபனி. வருகிற ரயில் தாமதமானால் அதே பெட்டிகள் திரும்பிப் போகிற ரயிலும் தாமதம். விமானங்களும் காலையில் வரிசையாக நின்றுவிடும். பொங்கலை ஊரில் வைத்துவிட்டு மாசியில் வா. குளிர் ஒரு ஸ்வெட்டரோடு அடங்கிவிடும், குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டமும் அப்போது திறந்திருக்கும். முகல் தோட்டம் என்போமே, 2023லிருந்து அம்ரித் உத்யான் என்று பெயர். திங்கட்கிழமை விடுமுறை.

திரும்புவதற்குத் திருவனந்தபுரம் நேர் விமானத்தில் மத்தியானம் கிளம்புவதாகப் பார். பனி மிச்சமிருந்தாலும் அதற்குள் விலகியிருக்கும். அங்கே இறங்கி நாகர்கோவில் வழியாகக் காரில் வீடு. உன் கொழுந்தன் திருவனந்தபுரத்துக்கு வண்டி கொண்டுவருவாரா என்று இப்போதே கேட்டு வை. ராத்திரி நேரத்தில் அங்கே டாக்சி பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். தேதி முடிவானதும் ஒரு வரி எழுது. மாடி அறையில் இவர் பரப்பி வைத்திருக்கிற குழாய்களை அதற்குள் அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கும் அண்ணாச்சிக்கும் என் வணக்கத்தைச் சொல்.

உன்,
பொன்னி

பி.கு.: பட்டியலில் குண்டு மிளகாய் வத்தல் இல்லையே? எனக்கு அரைக் கிலோ சேர்த்துக்கொள். ரயில்தானே.