எஞ்சினை உட்காரவைத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நானே ஃபிரேம் செய்த மோட்டார் சைக்கிள் மூன்று வாரமாக ஓடுகிறது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் யாராவது குனிந்து பார்த்துவிட்டு, "ஃபிரேம் நீங்களே பண்ணினதா?" என்று கேட்கிறார்கள். "ஆமாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் முகங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஃபிரேம் என் கைவேலைதான். அதில் எஞ்சின் ஒழுங்காக உட்கார்ந்திருப்பது உங்களால். அதைப் பொதுவில் எழுதிவைத்தால்தான் எனக்கு நிம்மதி.

நார்டன் கம்பெனி பைக்கின் ஃபெதர்பெட் ஃபிரேமில் ட்ரையம்ஃப் கம்பெனி எஞ்சினை வைத்து 'ட்ரைட்டன்' என்று பெயரும் சூட்டினார்களே, அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பித்து பிடித்தது. ஒரு வீட்டு ஃபிரேம், இன்னொரு வீட்டு எஞ்சின். நடுவில் சம்பந்தம் பேசுவது சில தகடுகள். படத்தில் அந்தத் தகடுகள் கண்ணில் படுவதேயில்லை. ஓட்டை போட்ட இரும்புதானே என்று நானும் அலட்சியமாகத்தான் தொடங்கினேன்.

காலி கிராங்க் கேஸை, அதாவது எஞ்சினின் அடிக்கூட்டை, கடன் கொடுத்த நண்பனுக்கு முதல் நன்றி. முழு எஞ்சினைத் தூக்கித் தூக்கி இறக்கியிருந்தால் இடுப்பு போயிருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத கூடு என்பதால் ஒற்றைக் கையால் நகர்த்திப் பார்க்க முடிந்தது. நான் அதை ஃபிரேமின் நட்டநடுவில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, "எஞ்சின் நடுவுல இருந்து என்னடா பிரயோஜனம், செயின் நேரா ஓட வேணாமா?" என்று கேட்டவனும் அவன்தான். செயின் சுற்றும் பல்சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டின் முகத்திலும் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தோம். எஞ்சின் ஏழு மில்லி இடப்பக்கம் போக வேண்டியிருந்தது. அன்றே அது தெரியாமல் போயிருந்தால், மாதத்துக்கு ஒரு செயின் மாற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்து என் அக்கா. தையல்காரி. தகடு வெட்டும் முன் நான் அட்டையில் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இடது, வலது எழுதிவைடா. நடுக்கோடு போடு. எந்தப் பக்கம் மேல்பக்கம்னு குறி" என்றாள். அக்கா சொன்னால் தம்பி கேட்பானா? முன் தகடுகள் இரண்டிலும் ஒரு சிறு மடிப்பு உண்டு. இரண்டையும் ஒரே பக்கமாக மடித்து, இரண்டு இடதுகால் செருப்பு செய்துவிட்டேன். 6 மில்லி தகடு, ஒரு நாள் உழைப்பு. அவள் சிரிக்கவில்லை. புது அட்டையை நீட்டினாள், அவ்வளவுதான். நன்றி அக்கா, சிரிக்காததற்கும் சேர்த்து.

வெல்டிங் செய்து தந்த பெரியவருக்கு என்ன சொல்ல? மொத்தத்தையும் ஒரேயடியாக வெல்ட் வைத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, "நாளைக்கு எஞ்சினை எப்படிக் கழட்டுவே?" என்று ஒரே கேள்வியில் முடித்தார். தகடுகளைப் பிடிக்கும் ஓட்டை போட்ட சிறு துண்டுகள், அதாவது காதுகள், மட்டும் ஃபிரேமில் வெல்ட், தகடுகள் போல்ட்டில். குழாயைத் துளைத்து வெறுமனே போல்ட் போட்டு இறுக்கினால் குழாய் நசுங்கும் என்று, துளைக்குள் ஸ்பேசர் என்னும் சிறு குழல் நுழைத்து இருபுறமும் வெல்ட் வைத்தார். எர்த் கிளாம்பை வெல்ட் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்தால் குண்டுகளில் புள்ளி விழும், பிறகு ஆயுளுக்கும் இரைச்சல்தான் என்பார்.

முழு வெல்டுக்கு முன் அவ்வளவு கவனமாக மாறிமாறி டேக் (சிறு புள்ளி வெல்ட்) அடித்தும் இரும்பு இழுக்கத்தான் செய்தது. ஆறியபின் முன் போல்ட் நுழையவில்லை. அரை நூல், அதாவது ஒன்றரை மில்லி விலகல். காலையிலிருந்து பட்டறையில் நின்ற அலுப்பு. போல்ட்டை வைத்து சுத்தியலை ஓங்கிவிட்டேன்.

லேத்துக்கார அண்ணே, அந்த நேரத்தில் நீங்கள் என் கையைப் பிடித்ததற்குத்தான் இந்த மடலே.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஓட்டையை அரத்தால் நீளமாக்கலாம் என்றேன். செயின் இழுக்க இழுக்க எஞ்சின் அந்த நீள ஓட்டையில் நடக்க ஆரம்பிக்கும் என்றீர்கள். அடித்து நுழைத்தால்? நுழையும், ஆனால் அந்த இழுவை முழுவதையும் எஞ்சினின் வார்ப்பு அலுமினியக் காது சுமக்கும், வண்டி குலுங்கக் குலுங்க ஒரு நாள் காது கையோடு வரும் என்றீர்கள். போல்ட் விரலால் தள்ளி நுழைய வேண்டும் என்பது உங்கள் கணக்கு. ஃபிரேமின் ஒரு காதை அறுத்து எடுத்தோம். மறுபடி டேக், மறுபடி வெல்ட். புது ஸ்பேசரை நீங்கள் பத்தில் ஒரு மில்லி வரை கடைந்து கொடுத்தீர்கள். 8 மில்லி போல்ட்டுக்கு 8.4 ஓட்டை. வெட்டுவிசை விழும் இடத்தில் மரை வராமல், வழவழப்பான தண்டு வரும்படி நீளம் பார்த்துப் போல்ட் எடுத்தீர்கள். கடைசியில் எல்லா போல்ட்டையும் தளர்வாக நுழைத்து, கீழிருந்து ஒவ்வொன்றாக இறுக்கினோம். போல்ட் 8.8 தரம், இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர். இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றபோது எனக்குத்தான் தெரியும் அந்தச் சத்தத்தின் அருமை.

பக்கத்து வீட்டு மெக்கானிக்கல் படிக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை. முதல் வாரம் ஓட்டிவிட்டு வந்த அன்று, சிலிண்டர் தலையைப் பிடிக்கும் மேல் பிராக்கெட்டில் பெயிண்ட் மேல் மெல்லிய துருக்கோடு தெரிவதைக் காட்டினாய். நான் அழுக்கு என்றேன். துடைத்தால் விரிசல். உள்மூலையைக் கூர்மையாக வெட்டியிருந்தேன். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு அங்கேயே போய்க் குத்தியிருக்கிறது. மூலையில் முதலில் ஓட்டை போட்டு, அந்த வளைவு வரைக்கும்தான் வெட்ட வேண்டும் என்று நீ சொன்னபடியே புதிது செய்தேன். சூட்டில் நைலான் வளையம் பிடியை விட்டுவிடும் என்று அங்கிருந்த நட்டையும் மாற்றச் சொன்னாயே, முழு இரும்பு லாக் நட் போட்டாயிற்று. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கோடு எதுவும் இல்லை.

பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னதால் யார் பெயரையும் எழுதவில்லை. காலி கூட்டை இந்த வாரம் திருப்பித் தந்துவிடுவேன், நண்பா, துடைத்து வைத்திருக்கிறேன்.

லேத்துக்கார அண்ணே, அன்றைக்குப் பிடுங்கிய சுத்தியல் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.